கோட்டைப் படம் போட்டால் அது லோகோவா?

2025 ஜூலையில் 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் 11 மகாராஷ்டிராவில் இருக்கின்றன. மிச்சம் ஒன்று நம்ம செஞ்சி. சந்தோஷமான சேதிதான். ஆனால் கூடவே ஒரு வம்பும் வரப்போகிறது. இனி செஞ்சியில் யார் அரிசி ஆலை, மளிகைக்கடை, லாட்ஜ் என்று எதை ஆரம்பித்தாலும், "லோகோ என்ன போடலாம்?" என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் வரும்.

வேறென்ன, கோட்டை!

நெட்டிலிருந்து ராஜகிரி படம் ஒன்றை இறக்கி, கோரல் டிராவில் வெட்டி, சுற்றி ஒரு வட்டம், கீழே கடைப் பெயர்... கால் மணி நேர வேலை. இதற்குப் பெயர் லோகோ இல்லை, விலாசம். கடை எந்த ஊரில் இருக்கிறது என்று சொல்லுமே தவிர, எந்தக் கடை என்று சொல்லாது. பக்கத்துக் கடைக்காரரும் அதே மலையைப் போட்டால் வாங்க வருகிறவர் எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பார்? சரக்கு எந்த ஊருடையது என்பதை மட்டுமே காட்டும் குறியைப் பதிவு செய்ய மறுக்கலாம் என்று 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்தின் 9ஆம் பிரிவு சொல்கிறது. கோட்டைப் படம் அதில் மாட்டுமா மாட்டாதா என்று வக்கீல்கள் சண்டை போடட்டும். ஊர்ப் பொதுச்சொத்தை ஒருவர் தன் அடையாளம் என்று சொல்ல முடியாது என்ற நியாயம் எல்லோருக்கும் புரியும்.

"ஊர்ப் பெருமையைப் போடுவதில் என்ன தப்பு?" என்பார்கள். காலண்டரில் தாராளமாகப் போடலாம். அரிசி மூட்டையில் போட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் சாக்கில் ஒன்றிரண்டு கலரில்தான் அச்சு. மூன்று மலை, மதில், கல்யாண மகால் எல்லாம் சேர்ந்து மை கொட்டியது மாதிரி ஆகிவிடும். வாட்ஸப்பில் நகம் அளவுக்குச் சுருங்கினால் அதுவும் இல்லை.

லோகோ பாடம் படிக்க வெளிநாட்டுப் புத்தகம் தேவையில்லை. தேர்தல் நேரத்துச் சுவர் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஓட்டுப் போட வேண்டுமே என்று 1951-52 முதல் பொதுத்தேர்தலிலேயே சின்னங்கள் வந்துவிட்டன. உதயசூரியன், இரட்டை இலை... கட்சி பிடிக்கும் பிடிக்காது என்பது வேறு விஷயம். ஒரு பெயின்டர் சுண்ணாம்புச் சுவரில் பத்து நிமிடத்தில் வரைந்துவிடுவார், பேருந்தில் போகிறவருக்கும் தெரியும். ஸ்டேட் பேங்க் லோகோவைப் பாருங்கள். 1971ல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் சேகர் காமத் கொடுத்தது ஒரு நீல வட்டம், நடுவில் சின்ன ஓட்டை, கீழே ஒரு கீறல். அதில் பணக்கட்டும் இல்லை, கட்டடமும் இல்லை.

இன்னும் பக்கத்தில் வரலாம். 2010 ஜூலை 15 அன்று மத்திய அரசு ஏற்ற ரூபாய்க் குறியை வரைந்த உதயகுமார், அன்றைய விழுப்புரம் மாவட்டத்துக் கள்ளக்குறிச்சிக்காரர். மூவாயிரத்துக்கும் அதிகமான வரைவுகளில் அவருடையது தேர்வானது. தேவநாகரி 'ர', நேர்கோடு நீக்கிய ஆங்கில 'ஆர்', மேலே இரண்டு கோடு. அசோகச் சக்கரம், தாமரை, மயில் என்று அடைக்கவில்லை. மளிகைச் சீட்டில் பால்பாயின்ட் பேனாவால் எழுத வருகிறது. அதே மண்ணில் இத்தனை தெளிவாக யோசித்த ஒருவர் இருக்கும்போது, கடைக்காரர்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சோம்பல்?

கோட்டை வேண்டவே வேண்டாம் என்பதில்லை. முழுக் கோட்டையையும் தூக்கி வராமல், தொழிலுக்குப் பொருந்தும் ஒரே ஒரு துண்டை எடுக்கலாம். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை மூட்டையாக நெல் வந்து இறங்குகிறது. கோட்டைக்குள்ளேயே வளைந்த கூரையோடு நெற்களஞ்சியம் நிற்கிறது. பார்க்க வருகிறவர்கள் அதன் முன் செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள் :-) ஒரு அரிசி ஆலைக்காரர் அந்த ஒரு வளைவையும் அதற்குள் ஒரு நெல்மணியையும் தடித்த கோட்டில் போட்டால் போதும். சாக்கில் கலங்காது, ரப்பர் ஸ்டாம்பிலும் விழும். வாங்குகிற அம்மா கடையில் போய், "அண்ணே, அந்த வளைவு மார்க் அரிசி குடுங்க" என்று கேட்பார். கோட்டை மார்க் என்று கேட்டால், "எந்தக் கோட்டைம்மா?" என்றுதான் கடைக்காரர் திருப்பிக் கேட்பார்.