மாவு டப்பாவில் மாத்திரை போடும் மகாராசர்களுக்கு...

தலைப்பைப் பார்த்துட்டு ஏதோ சமையல் குறிப்புன்னு நம்பி வந்தவங்க மன்னிக்கணும். குறிப்பும் இருக்கு, கடைசியில. அதுக்கு முன்னாடி கொஞ்சம் திட்டிக்கிறேன்.

எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குழுவுல போன வாரம் ஒரு அக்கா, கோதுமை மாவுல வண்டு வந்துடுச்சுன்னு போட்டோ போட்டாங்க. அஞ்சே நிமிஷத்துல ஒரு சித்தப்பா பதில் சொல்றார்: "உரக்கடையில ஒரு மாத்திரை கிடைக்கும்மா. துணியில முடிஞ்சு டப்பாவுக்குள்ள போட்டு மூடிடு. ஒரு வண்டு அண்டாது." அதுக்குக் கீழே வரிசையா கும்பிடு பொம்மைகள். சூப்பர் மாமா, நன்றி மாமா, எனக்கும் ரெண்டு வாங்கி அனுப்புங்க மாமா. ஒரே ஒருத்தர்கூட அது என்ன மாத்திரைன்னு கேக்கலை!

நான் கேட்டேன். அவர் பெயரைச் சொன்னார். அலுமினியம் பாஸ்பைடு. எனக்கு அடிவயித்துல புளியைக் கரைச்சது.

மக்களே, அது கற்பூர உருண்டை மாதிரி சமாசாரம் இல்லை. நெல் குடோன், கோதுமை குடோன்ல மூட்டைகளை அடுக்கி, காத்து புகாத ஷீட் போட்டு மூடி, ஓரமெல்லாம் அடைச்சு, பயிற்சி எடுத்த ஆட்கள் முகமூடியோட வைக்கிற புகைமருந்து. காத்துல இருக்கிற ஈரம் பட்டாலே போதும், பாஸ்பீன்கிற வாயு கிளம்பும். 3 கிராம் மாத்திரை ஒண்ணுல இருந்து 1 கிராம் வாயு. குடோன்லயே பல நாள் மூடி வெச்சு, அப்புறம் திறந்து காத்தாட விட்டுத்தான் மூட்டையைத் தொடுவாங்க. இதுக்கு மாத்து மருந்துன்னு எதுவும் கிடையாது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாலும், மூச்சையும் இதயத்தையும் தாங்கிப் பிடிச்சுப் பார்ப்பாங்க, அவ்வளவுதான்.

இதைத்தான் நம்ம சித்தப்பா ரெண்டு கிலோ ஆட்டா மாவுக்குள்ள, சமையல் ரூம்ல, பக்கத்து ரூம்ல குழந்தை தூங்கிட்டு இருக்கும்போது போடச் சொல்றார். துணியில முடிஞ்சாப் போதுமாம். வாயுவுக்குத் துணி ஒரு தடையா சாமி? மாத்திரை கரைஞ்சு மிஞ்சுற சாம்பல் தூளும் அந்தத் துணி வழியா மாவுலதான் உதிரும். சப்பாத்தி சுட்டுச் சாப்பிடுங்க, நல்லா இருக்கும்.

இந்தியாவுல இந்த மருந்தைச் சாதாரண ஆளுக்கு விக்கவே கூடாதுன்னு கட்டுப்பாடு இருக்கு. அரசு நிறுவனங்களும் உரிமம் வாங்கின பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்களும்தான் கையாளணும். ஆனா எங்க ஊர்ல ஒரு கடையில (பேரு வேண்டாம்) பேப்பர்ல மடிச்சு உதிரியாக் கொடுக்கிறாங்க, ஜீரக மிட்டாய் மாதிரி. "பார்த்துப் போடுங்க"ன்னு ஒரு வார்த்தை கிடையாது.

"எத்தனையோ வருஷமாப் போடறோம், எங்களுக்கு என்ன ஆச்சு?"ன்னு ஒரு கேள்வி வரும். வந்துச்சு. 2024 நவம்பர்ல சென்னை குன்றத்தூர் பக்கம் ஒரு வீட்டுல எலிக்காக வெச்ச மருந்து. ராத்திரி ஏசி போட்டுக் கதவை மூடிப் படுத்த குடும்பத்துல ரெண்டு சின்னக் குழந்தைங்க செத்துப் போச்சு. அது எலிக்கு வெச்சது, இது வண்டுக்கு வைக்கிறதுன்னு யாராவது வித்தியாசம் சொல்ல வந்தீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும். மூடின வீட்டுக்குள்ள விஷ மருந்து வெச்சுட்டுத் தூங்கறதுங்கிற விஷயம் ரெண்டுலயும் ஒண்ணுதான்.

அடுத்தது போரிக் பவுடர் கோஷ்டி. அரிசியில, ரவையில பிசிறி வைக்கிறாங்க. கேரம் போர்டுல காயின் வழுக்க நாம தூவுவோமே, அதேதான். உணவுல சேர்க்க இங்கே அனுமதி கிடையாது. அரிசின்னா ரெண்டு மூணு தடவை களைஞ்சாவது போடுவோம். ரவையை யாருங்க கழுவுறது?

சரி, இத்தனை ஆயுதமும் யாருக்கு எதிரா? எள்ளு சைஸ்ல, செம்பழுப்பு நிறத்துல ஓடுற ஒரு வண்டுக்கு. மாவு, ரவை, மைதாவுல வர்ற இந்த வண்டுக்கு முழு தானியத்தைக் கடிக்கத் துப்பு கிடையாது. உடைஞ்சது, அரைச்சதுதான் அதுக்குச் சாப்பாடு. (முழு அரிசியில வர்ற மூக்கு நீண்ட வண்டு வேற ஜாதி, அது மணிக்குள்ளேயே துளை போட்டு முட்டை வைக்கும்.) நம்ம ஊர் வெயில்ல முட்டையில இருந்து வண்டாக ஏறக்குறைய ஒரு மாசம். அது கடிக்காது, நோய் பரப்பாது. ரொம்பப் பெருகினா ஒரு நாத்தம் விடும், மாவு லேசா நிறம் மாறும். அந்த நிலைமைக்கு வந்த மாவைச் சலிக்காதீங்க, தூக்கிப் போடுங்க. நாப்பது அம்பது ரூபா மாவுதானேய்யா!

பயப்படணும்னா கண்ணுக்குத் தெரியாததுக்குப் பயப்படுங்க. முதல்ல பூஞ்சை. 1974ல ராஜஸ்தான், குஜராத் எல்லை மாவட்டங்கள்ல மழையில நனைஞ்சு பூஞ்சை பிடிச்ச மக்காச்சோளத்தைத் தின்னு நூறு பேருக்கு மேல செத்தாங்க. ஈரல் போயிடுச்சு. அந்தப் பூஞ்சை விஷம் சமைக்கிற சூட்டுல அழியாது. கட்டி கட்டியா, முக்கல் வாடை அடிக்கிற மாவை "வறுத்துட்டாச் சரியாயிடும்"னு சொல்ற பெரியவங்க இதைக் கவனிக்கணும்.

ரெண்டாவது, நம்ம ஆளுங்க கேள்விப்படாத ஒண்ணு. கேக் மிக்ஸ், பேன்கேக் மிக்ஸ் பாக்கெட்டைப் பாதி பயன்படுத்திட்டு, ரப்பர் பேண்டு போட்டு அலமாரியில மாசக்கணக்குல விட்டா நுண்ணிய உண்ணிகள் பெருகும். தூசு அலர்ஜி, வீசிங் இருக்கிறவங்க அதைச் சாப்பிட்டா முகம் வீங்கி, மூச்சடைச்சு உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவ இதழ்கள்ல இதுக்குப் பேன்கேக் நோய்னே பேர் வெச்சிருக்காங்க. 1990கள்ல இருந்து எழுதிட்டு வர்றாங்க, வெப்பமான ஈரமான ஊர்கள்ல அதிகமாம். சென்னையை விட வெப்பமும் ஈரமும் உள்ள ஊர் வேணுமா?

"எங்க பாட்டி காலத்துல இதெல்லாம் ஏது?"ன்னு ஆரம்பிக்காதீங்க. உங்க பாட்டி மாவைச் சேமிக்கவே இல்லை. குதிர்ல நெல்லும் கேழ்வரகும் முழுசாக் கிடந்துச்சு. வேணும்கிறப்ப திருகையில அரைச்சாங்க, உரல்ல இடிச்சாங்க. வேப்பிலையும் காய்ஞ்ச மிளகாயும் அந்த முழு தானியத்துக்கு வெச்சது. முட்டையோட அரைபட்டு வர்ற மாவுக்குள்ள வேப்பிலை போட்டு என்ன பிரயோஜனம்? பச்சையாப் போட்டீங்கன்னா ஈரம்தான் சேரும். கம்பு மாவை ஒரு மாசத்துக்கு அரைச்சு வெச்சிருந்தா உங்க பாட்டியே அடிக்க வந்திருப்பாங்க. ஒரு வாரத்துலயே கசக்கும், அதுல இருக்கிற எண்ணெய் காறிப் போறதால.

நாம என்ன பண்றோம்? ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னு பத்துக் கிலோ தூக்கிட்டு வர்றோம். இருக்கிற டப்பாவுல பழைய மாவு கால்வாசி கிடக்கும், அதுக்கு மேலேயே புதுசைக் கொட்டறோம். கீழே இருக்கிற வண்டுக் குடும்பத்துக்கு அன்னதானம்.

சரி, சொன்ன குறிப்பு. ஒரு மாசத்துக்கு மேல தாங்குற அளவு மாவு வாங்காதீங்க, இதைச் செஞ்சாலே பாதிப் பிரச்சினை தீரும். மாவு மில்லுல இருந்து சூடா வந்தா, சுத்தமான துணியில பரப்பி ஆற விட்டு அப்புறம் மூடுங்க, இல்லேன்னா மூடி வேர்த்து அந்தத் தண்ணியே பூஞ்சைக்கு வழி. டப்பாவைக் காலி பண்ணி, கழுவி, எலும்பு மாதிரி காய வெச்சுத்தான் புதுசு போடணும். மூடியில இருக்கிற மரையில ஒட்டின மாவை மறக்காதீங்க, வண்டு அங்கேதான் குடியிருக்கும். பாலிதீன் பையை நம்பாதீங்க, அந்துப்பூச்சிப் புழு ஓட்டை போட்டுட்டு வந்துடும். இறுக்கி மூடுற எவர்சில்வர் சம்படமோ கண்ணாடி ஜாடியோ நல்லது. ரவை, சேமியாவை வாங்கின அன்னைக்கே வறுத்து ஆற வெச்சு மூடுங்க. பிரீசர்ல இடம் இருந்தா மாவுப் பாக்கெட்டை நாலு நாள் வைங்க, முட்டையும் சேர்ந்து செத்துடும். ஆனா வெளியே எடுத்ததும் பிரிக்காதீங்க, குளிர் போற வரைக்கும் அப்படியே விடுங்க. இல்லேன்னா உள்ளே ஈரம் கோத்துக்கும். பஜ்ஜி மிக்ஸ், கேக் மிக்ஸ் பிரிச்சாச்சுன்னா மிச்சத்தைக் காத்துப் புகாத டப்பாவுல போட்டுப் பிரிட்ஜ்ல வைங்க, பிரிச்ச தேதியை எழுதி ஒட்டுங்க. ஈரம் பட்டா அதுல இருக்கிற பேக்கிங் பவுடரும் செத்துப் போயிடும், கேக் எழும்பாது.

இவ்வளவையும் குழுவுல எழுதினேன். சித்தப்பா "படிச்சவன் சொல்லிட்டான்பா"ன்னு ஒரு சிரிப்பு பொம்மை போட்டுட்டுப் போயிட்டார். அக்கா மட்டும் தனியாக் கூப்பிட்டு, "மாத்திரை ஏற்கனவே வாங்கி வந்துட்டார்டா, என்ன பண்றது?"ன்னு கேட்டாங்க. பிரிக்காதீங்க, ஈரம் படாம அப்படியே அந்தக் கடையிலயே கொண்டு போய்க் கொடுக்கச் சொல்லுங்க, குப்பையிலயோ சிங்க்லயோ போட்டுடாதீங்கன்னேன். கடைக்காரர் காசைத் திருப்பித் தரலையாம்.