வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்!

கடைத்தெருவில் ஒரு கெட்ட பழக்கம் வேர்விட்டுப் போயிருக்கிறது. அவசரத்துக்குப் பணம் புரட்ட வருகிற சிறு வியாபாரி, வட்டிக்காரர் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுகிறார். தொகை எழுதாத புரோநோட்டு, தேதி போடாத செக், எதுவுமே எழுதாத முத்திரைத்தாள்! அதுவும் போதாதென்று மனைவி கையெழுத்து, மூத்த மகன் கையெழுத்து! "சும்மா ஒரு நம்பிக்கைக்குத்தான்" என்கிறார் பணம் கொடுப்பவர். நம்பிக்கை இருந்தால் வெற்றுத் தாள் எதற்கு என்று கேட்பார் இல்லை.

மளிகைக் கடை, டீக்கடை, தையல் கடை, நாலு தறி, ஒரு லேத்து வைத்திருப்பவரை ஊர் "முதலாளி" என்று அழைக்கிறது. உண்மையில் அவரும் அவர் குடும்பமும் விடிந்தது முதல் இரவு வரை உழைப்பவர்கள்தாம். சிறு தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரை கொடுக்கும் கடனுக்குச் சொத்து ஈடு கேட்கக் கூடாது என்று 2010-லேயே ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஆனாலும் வங்கி வாசலில் "பத்திரம் இருக்கிறதா?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. பெரிய கம்பெனிகளின் பாக்கிக்குத் தாராளமாகக் காத்திருக்கிற வங்கி, சிறு கடைக்காரனைக் கந்துவட்டியின் வாயில் தள்ளுகிறது. அங்கே அவனுக்காகக் காத்திருப்பது வெற்றுத் தாள். ஆகவே, அந்தக் கையெழுத்தைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை உழைக்கும் குடும்பம் ஒவ்வொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் கசப்பான உண்மையைச் சொல்லிவிடுவோம். இந்தக் கையெழுத்தை ஆளுகிற சட்டம், வெள்ளைக்காரன் 1881-ல் போட்ட மாற்றுமுறை ஆவணச் சட்டம். ஸ்டாம்பு ஒட்டிய நிரப்பாத நோட்டில் கையெழுத்திட்டு ஒருவரிடம் கொடுத்தால், அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தையும் அவருக்குக் கொடுத்ததாகவே அச்சட்டம் கருதுகிறது. வெற்று செக்கும் அப்படியே. தானாகக் கையெழுத்திட்டுக் கொடுத்த செக்கை வேறொருவர் நிரப்பியிருந்தாலும், அது கடனுக்காகக் கொடுத்தது என்றே முதலில் கொள்ள வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2019-ல் தீர்ப்பளித்தது. "நான் வாங்கியது இருபதாயிரம், அவன் எழுதிக்கொண்டது இரண்டு லட்சம்" என்று பின்னால் கோர்ட்டில் கதறுவதைவிட, முன்னாலேயே பேனாவை மூடி வைப்பது மேல்.

செக் திரும்பினால் அது கிரிமினல் வழக்காகும். இந்த ஏற்பாடு 1989 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். ஆனால் வட்டிக்காரருக்கும் இதில் காலக்கெடு உண்டு. செக் திரும்பிய செய்தி வங்கியிலிருந்து வந்த 30 நாட்களுக்குள் அவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 15 நாள் அவகாசம் நமக்கு உண்டு. அந்த அவகாசம் கழிந்த பின்தான் வழக்கு. அதையும் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். வக்கீல் நோட்டீஸ் வந்தால் பயந்து வாங்காமல் திருப்பி அனுப்புவது தற்கொலைக்குச் சமம். வாங்கிப் படிக்க வேண்டும். பதில் எழுத வேண்டும். எழுதும் பதிலே பின்னால் நமக்குச் சாட்சியாக நிற்கும்.

பாதிக் கடனை அடைத்த பிறகும் பழைய செக்கில் முழுத் தொகையையும் போட்டு வங்கியில் செலுத்துகிறவர்கள் உண்டு. கட்டிய தொகையைச் செக்கிலேயே குறிக்காமல் முழுத் தொகைக்குச் செலுத்தினால், அந்தக் கிரிமினல் பிரிவு பொருந்தாது என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. ஆனால் கட்டியதற்கு ருசு வேண்டுமே! கையில் காசாகக் கொடுத்தால் ரசீது வாங்க வேண்டும். ரசீது தராதவருக்கு வங்கி மூலமே செலுத்த வேண்டும். தண்டல்காரரின் சிட்டையைக் கிழித்தெறியாமல் பத்திரப்படுத்த வேண்டும். இவ்வளவு பெரிய தொகையைக் கொடுக்க அவருக்கு ஏது வசதி என்று கேட்கவும் நமக்கு உரிமையுண்டு. அந்தக் கேள்வி நியாயமானதே என்று 2019-ல் வந்த இன்னொரு தீர்ப்பு ஏற்றுக்கொண்டிருக்கிறது.

கேட்டதும் தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு ஆயுள் மூன்று வருஷம். அதற்குள் வழக்குப் போட வேண்டும். கெடு முடியும் தறுவாயில் வட்டிக்காரர் அன்பாக வந்து, "ஒரு நூறு ரூபாய் கட்டி நோட்டின் பின்னால் எழுதிக் கொடு" என்பார். அப்படி எழுதிக் கொடுத்தால் மூன்று வருஷம் மறுபடி புதிதாகத் தொடங்கும். எழுதுவதானால் அதைத் தெரிந்து எழுதுங்கள்.

இனி, குடும்பத்தின் விஷயம். கடன் வாங்கியவர் கண்ணை மூடினால், காரியம் முடிவதற்குள் வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்கிறது. "அப்பன் கடன் பிள்ளை தலையில்" என்று மிரட்டுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இறந்தவர் விட்டுப்போன சொத்தில் வாரிசுகள் கைக்கு வந்த அளவுக்குத்தான் அவர்கள் பொறுப்பு. சொத்தே இல்லையென்றால், மகன் தன் கூலியிலிருந்து கட்டவேண்டியதில்லை. தந்தை கடனைத் தீர்ப்பது மகனின் தருமம் என்ற பழைய இந்துச் சட்டக் கொள்கைக்கு, 2005 செப்டம்பர் 9-க்குப் பின் வாங்கிய கடன்களில் கோர்ட்டில் இடமில்லை. கணவன் கடனுக்கு மனைவி, மனைவி என்ற காரணத்தினாலேயே பொறுப்பாவதும் இல்லை.

கையெழுத்துப் போட்டால் கதை வேறு. சாட்சிக் கையெழுத்து வேறு, ஜாமீன் கையெழுத்து வேறு. சாட்சி கடன் கட்ட வேண்டியதில்லை. ஜாமீன்தாரரோ கடன்காரருக்குச் சமமான பொறுப்பாளி. கடன் வாங்கியவரை விட்டுவிட்டு நேராக அவர்மீதே வழக்குப் போடலாம். ஆகவேதான் வட்டிக்காரர்கள் வீட்டுப் பெண்களின் கையெழுத்தை இவ்வளவு ஆசையாகக் கேட்கிறார்கள். தாய்மார்களே, படித்துக் காட்டாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்!

ஜப்தி என்ற சொல்லைக் கேட்டாலே குடும்பங்கள் நடுங்குகின்றன. கோர்ட்டு டிக்ரி இல்லாமல் எந்த வட்டிக்காரருக்கும் வீட்டுச் சாமானைத் தொட உரிமை கிடையாது. டிக்ரி இருந்தாலும், உடுக்கும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை, கைத்தொழிலாளியின் கருவிகள், தொழிலாளியின் கூலி ஆகியவற்றை ஜப்தி செய்ய முடியாது. மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத தாலியையும் தொட முடியாது. பணத்துக்கான சிவில் டிக்ரிக்காகப் பெண்ணைச் சிறைப்படுத்தவும் முடியாது. ஆனால் செக் வழக்கு கிரிமினல் வழக்கு. அதில் இந்தப் பாதுகாப்பு இல்லை. கட்ட வழியில்லாத ஏழையை, அந்த ஏழ்மைக்காகவே சிவில் சிறையில் தள்ளக் கூடாது என்று 1980-ல் தீர்ப்பெழுதினார் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர். 1957-ல் கேரளத்தில் அமைந்த தோழர் இ. எம். எஸ். மந்திரிசபையில் சட்ட மந்திரியாக இருந்தவர் அவர்.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்ற கொள்ளைகளைக் குற்றமாக்கித் தமிழகத்தில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. மூன்று வருஷம் வரை சிறையும், 30,000 ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு. அசலையும் சர்க்கார் நிர்ணயித்த வட்டியையும் கோர்ட்டில் செலுத்திவிட்டுக் கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கேட்கலாம். தொந்தரவு தாளாமல் கடனாளி உயிரை மாய்த்துக்கொண்டால், பணம் கொடுத்தவரே தூண்டியதாகக் கோர்ட்டு அனுமானிக்கும். கடன் கம்பெனிகளின் அடாவடி வசூலைத் தடுக்க 2025-ல் இன்னொரு சட்டத்தையும் தமிழக சட்டமன்றம் நிறைவேற்றியது.

சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதுமா? 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே ஒரு கூலித் தொழிலாளி, மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் தீக்குளித்து மாண்டார். அதற்கு முன் அவர் மனு மேல் மனுவாகக் கொடுத்திருந்தார். அப்போது அந்தச் சட்டத்துக்கு வயது பதினான்கு! கேட்க ஆளில்லாத ஏழைக்குச் சட்டம் தானாக நடந்து வராது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

கடன் பட்டவன் குற்றவாளியல்ல. மானம் போய்விடும் என்று அவன் வாய்மூடி இருப்பதுதான் வட்டிக்காரனின் மூலதனம். அந்த மௌனத்தை உடைக்க வேண்டும். வியாபாரிகள் சங்கமும், தொழிற்சங்கமும், மாதர் சங்கமும் வாரம் ஒரு மாலை உட்கார்ந்து இத்தகைய தாள்களைப் படித்துச் சொல்லட்டும். மிரட்டல் வந்த வீட்டுக்கு நாலு பேர் சேர்ந்து போகட்டும். பெண்களுக்கும், தொழிலாளருக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் பெறும் உரிமை இருக்கிறது. கோர்ட்டு வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவிடமோ, 15100 என்ற எண்ணிலோ அதைக் கேட்டுப் பெறலாம். சர்க்காரை நாம் கேட்பது இரண்டே. சிறு தொழிலுக்கு வங்கிக் கதவு திறக்கட்டும். கந்துவட்டிப் புகாரைப் போலீஸ் "சிவில் தகராறு" என்று தள்ளிவிடாமல் பதிவு செய்யட்டும்.

அது வரை காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தொகையும் தேதியும் எழுதாத தாள் உங்கள் முன் நீட்டப்பட்டால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சங்கத்துக்கு வாருங்கள்!