கையடக்க விளையாட்டுக் கணினி: ஆர்வமும் ஐயமும்

பகுதி 1 தமிழ் வகுப்பில் நம்மிடம் பயிலும் கணினி அறிவியல் மாணவர் ஒருவர், சென்ற பருவத்தின் இறுதியில் நம்மைத் தேடி வந்தார். தம் தந்தையாரிடம் தமக்காக ஒரு சொல் பரிந்துரைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தந்தையார் நாமக்கல் பக்கத்தில் லாரி ஓட்டுபவர். மகன் வாங்க விரும்பியது இருசக்கர வண்டியன்று, புதிய கைபேசியுமன்று. இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு ஆடும் விளையாட்டுக் கணினி. விலை எழுபதாயிரம் ரூபாயை ஒட்டியது. "படிக்கிற பிள்ளைக்கு விளையாட்டுப் பொருள் எதற்குத் தம்பி?" என்று நாம் கேட்டோம். அவர் மறுமொழி ஏதும் கூறாமல், "சரிங்க ஐயா" என்று சென்றுவிட்டார்.

அவர் சென்ற பின்னரே நம் மனம் உறுத்தத் தொடங்கியது. பொருளைப் பாராமல், அதன் இயல்பை அறியாமல் தீர்ப்பு வழங்குதல் ஆசிரியர்க்கு அழகன்று. ஆகவே அக்கருவியைப் பற்றித் தேடிப் படித்தோம். வைத்திருப்பவர் ஒருவரிடம் வாங்கிக் கையில் ஏந்தியும் பார்த்தோம். அன்று அம்மாணவருக்குக் கூறாத விடையை மாணவர்க்கும் பெரியோர்க்கும் பொதுவாக இங்கு எழுத முற்படுகிறோம்.

கருவியின் இயல்பு

கையில் வைத்து ஆடும் மின் விளையாட்டுக் கருவி புதியதன்று. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1989ஆம் ஆண்டிலேயே 'கேம் பாய்' என்னும் கருவியை வெளியிட்டது. ஆயினும் அது விளையாட்டுக்கு மட்டுமே உரியது. இப்போது வந்திருப்பவை அவ்வாறானவை அல்ல. அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் விற்பனைக்குக் கொணர்ந்த 'ஸ்டீம் டெக்', முழுமையான ஒரு கணினி. ஏழு அங்குலத் திரை. எடை 669 கிராம். உள்ளே இயங்குவது லினக்ஸ். தைவானின் ஏசுஸ் நிறுவனம் 'ஆர்.ஓ.ஜி. அலை' என்ற கருவியை 2023ஆம் ஆண்டு ஜூலையில் இந்தியாவில் 69,990 ரூபாய்க்கு வெளியிட்டது. அதில் இயங்குவது விண்டோஸ். இவற்றோடு விசைப்பலகையையும் பெரிய திரையையும் இணைத்தால் கட்டுரை எழுதலாம், நிரல் எழுதலாம், தமிழில் தட்டச்சும் செய்யலாம்.

மாணவரின் ஆர்வத்திற்கு இதுவே காரணம். மேசையில் இடம் பிடித்த பெரும் பொறி ஒன்றின் ஆற்றல், பேருந்தில் மடிமீது வைக்குமளவுக்குச் சுருங்கி வந்திருக்கிறது. பொறியியலின் அருமை அறிந்த பிள்ளை அதனைக் கண்டு வியவாதிருந்தால்தான் நாம் வருந்த வேண்டும்.

விளையாட்டு என்பதே குற்றமா?

பெரியோரின் முதல் ஐயம் கருவியைப் பற்றியதன்று, விளையாட்டைப் பற்றியது. காலத்தை வீணாக்குவதை மார்க்கம் ஏற்குமா என அவர்கள் வினவுகின்றனர். இவ்வினா நம் சமுதாயத்திற்குப் புதியதன்று.

இந்திய மண்ணில் பிறந்த சதுரங்கம் பாரசீகம் வழியே அரபு நாடுகளுக்குச் சென்று 'ஷத்ரஞ்ச்' எனப் பெயர் பெற்றது. அப்பாசியர் ஆட்சிக் காலத்தில் அல் அத்லீ, அஸ் ஸூலி போன்றோர் அவ்வாட்டத்தில் ஈடிணையற்று விளங்கியதோடு அதனைப் பற்றி நூல்களும் எழுதினர். அதே காலத்தில் மார்க்கச் சட்ட அறிஞர்கள் அது தகுமா தகாதா என ஆராய்ந்தனர். ஹனஃபி மத்ஹபின் அறிஞர்கள் கடுமையான கருத்தைக் கொண்டனர். ஷாஃபிஈ மத்ஹபினர், சூது கலவாமலும் தொழுகை தவறாமலும் ஆடினால் அதனை விலக்கப்பட்டதாகக் கொள்ளாமல், விரும்பத்தகாதது என்ற அளவில் நிறுத்தினர். கருத்து வேறுபாடு இருந்தது உண்மை. எனினும் இரு சாராரும் எழுப்பிய வினாக்கள் ஒன்றே: இதில் சூது உண்டா? இது கடமையை மறக்கச் செய்கிறதா? அவ்வினாக்களை இக்கருவியின் முன்னும் வைத்துப் பார்ப்போம். அவற்றோடு நம் காலத்திற்குரிய மூன்றாம் வினா ஒன்றும் உண்டு. அது பணத்தைப் பற்றியது.

மூன்று வேலிகள்

முதலாவது சூது. இங்கு நம் பெரியோரின் அச்சம் வீண் அச்சமன்று. இணையத்தில் பணம் வைத்து ஆடிக் குடும்பங்கள் சிதைந்ததைக் கண்டே தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றியது. நடுவண் அரசும் 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அதே சட்டம் மின் விளையாட்டுப் போட்டிகளையும் கல்வி விளையாட்டுகளையும் ஊக்குவிக்கவும் வழி வகுத்தது. ஆக, விளையாட்டு வேறு, சூது வேறு என்பதைச் சட்டமும் ஏற்றுள்ளது. ஆயினும் மாணவர் ஒன்றைக் கருத வேண்டும். சில விளையாட்டுகளில், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டிகளைக் காசுக்கு விற்கின்றனர். திறந்து பார்த்தால் அரிய பொருளும் இருக்கலாம். ஒன்றுக்கும் உதவாததும் இருக்கலாம். பெல்ஜிய நாட்டின் சூதாட்டக் கண்காணிப்பு ஆணையம் 2018ஆம் ஆண்டிலேயே இத்தகைய பெட்டிகளைச் சூது என்று அறிவித்தது. பெயர் மாறினாலும் தன்மை மாறாது. இவ்வேலியைத் தாண்டும் விளையாட்டை எவ்வளவு அழகாயிருப்பினும் தள்ளிவிடுவதே முறை.

இரண்டாவது காலம். உலக நலவாழ்வு நிறுவனம் 2019ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டு 2022ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில், விளையாட்டு அடிமைநிலையும் ஒரு நோயாக இடம்பெற்றுள்ளது. அதிக நேரம் ஆடுவது மட்டுமே நோயாகிவிடாது. தன்னைத்தானே கட்டுப்படுத்த இயலாமை, ஏனைய கடமைகள் யாவும் பின்தள்ளப்படுதல், தீங்கு நேர்ந்த பின்னும் விட முடியாமை ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். 'ஸ்டீம் டெக்' கருவியின் மின்கலம் ஆட்டத்திற்கேற்ப இரண்டு மணி முதல் எட்டு மணி வரை தாங்கும் என்று அதனைச் செய்தோரே கூறினர். பெரிய விளையாட்டு ஓடினால் இரண்டு மணி நேரத்தில் கருவி ஓய்வு கேட்கும். மின்னிணைப்பைச் சொருகிவிட்டு, வைகறைத் தொழுகைக்கு அழைக்கும் பாங்கொலி கேட்கும் வரை ஆடுபவருக்கோ ஓய்வு என்பதே இல்லை. கருவிக்குத் தெரிந்த அளவு அதனை ஏந்தியவருக்குத் தெரியாமற்போவது இரங்கத்தக்கது.

மூன்றாவது பணம். நம் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் பெற்றோர் எவ்வாறு பொருளீட்டுகின்றனர் என்பதை மாணவர் அறியாதவரல்லர். இரவெல்லாம் விழித்து லாரி ஓட்டுவோர், விசைத்தறியின் இரைச்சலில் நிற்போர், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைப்போர், கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குவோர் என அவர்களுள் பலர் நாள்தோறும் உழைத்தே உண்பவர்கள். இந்நிலையில் 'வட்டியில்லாத் தவணை' என்ற விளம்பரம் மாணவரை மயக்குகிறது. 2013ஆம் ஆண்டு செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இதனை ஆராய்ந்து, வட்டியே இல்லாத கடன் என்பது இல்லாத ஒன்று, அது வேறு கட்டணங்களுள் மறைந்து நிற்கிறது என வங்கிகளுக்குச் சுற்றறிக்கை விடுத்தது. வட்டியை விலக்கிய மார்க்கத்தில் பிறந்தவர்கள், மறைந்து வரும் வட்டியையும் தேடிப் பார்த்தே ஒப்பமிட வேண்டும். தேவைக்குப் பட்ட கடனே உறக்கத்தைக் கெடுக்கும். விருப்பத்திற்குப் பட்ட கடனைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

கதை யாருடையது?

இம்மூன்று வேலிகளுக்குள்ளும் ஒருவர் நிற்கிறார் எனக் கொள்வோம். சொந்த உழைப்பில் வாங்கினார், சூது ஆடவில்லை, அளவோடு ஆடுகிறார். அப்போதும் தமிழ்த்துறையினராகிய நமக்கு ஓர் ஐயம் எஞ்சுகிறது. அத்திரையில் ஓடும் கதை யாருடையது? பேசும் மொழி எது? நம் பிள்ளைகள் என்றென்றும் பிறர் கதைக்குள் புகுந்து ஆடுவோராகவே இருந்துவிடுவார்களோ?

இதற்கு விடை நம் ஊரிலேயே இருக்கிறது. திரைப்படம் வந்த காலத்திலும் பெரியோர் பலர் ஐயுற்றனர். அவ்வையம் முற்றிலும் பொய்யுமன்று. ஆனால் சேலம் வெறுமனே பார்க்கும் ஊராக இருந்துவிடவில்லை. டி.ஆர். சுந்தரம் அவர்கள் 1935ஆம் ஆண்டு தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை இவ்வூரிலிருந்தே படைத்தது. அலெப்போ நகரத்துக் கதைசொல்லி ஒருவர் வாயிலாக ஐரோப்பா சென்று உலகெங்கும் பரவிய அலிபாபா கதை, 1956ஆம் ஆண்டு தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமாக இங்கேதான் உருப்பெற்றது. கருவி அயலூரிலிருந்து வந்தது, தமிழ்ப்படுத்தியது சேலம்.

நாமக்கல்லின் தொழிலும் இதனையே உணர்த்துகிறது. தொழிற்சாலையிலிருந்து லாரி முழு வண்டியாக வருவதில்லை. சேசிஸ் மட்டுமே வருகிறது. நம் பட்டறைகளில் பாடி கட்டிய பின்னரே அது பாரம் ஏற்றும் வண்டியாகிறது. இக்கையடக்கக் கணினியும் ஒரு சேசிஸ்தான். அதன்மேல் கட்டும் பாடி நம்முடையதாக இருக்கட்டும் என்பதே நம் வேண்டுகோள்.

இது நடவாத காரியமன்று. கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு குழுவினர், 2023ஆம் ஆண்டு ஜூலையில் ஒரு விளையாட்டை வெளியிட்டனர். அதன் பெயர் 'வெண்பா'. நாம் யாப்பிலக்கண வகுப்பில் கற்பிக்கும் அதே பெயர்தான்! 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பமே அதன் களம். வெண்பா என்பது அக்குடும்பத் தலைவியின் பெயர். சிதைந்துபோன தாயின் சமையற் குறிப்பேட்டைப் பார்த்து, அழிந்த வரிகளை ஊகித்து, இட்டலி முதலியவற்றைச் சமைப்பதே ஆட்டம். மொழியும் உணவும் அடுத்த தலைமுறையின் கையிலிருந்து நழுவுவதே அதன் கதை. வெட்டும் குத்தும் அதில் இல்லை. அவ்விளையாட்டு 2024ஆம் ஆண்டு பிரித்தானியத் திரை, தொலைக்காட்சிக் கலைக்கழகமான பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதைப் பெற்றது. தமிழ் வீட்டு அடுக்களையை உலகம் ஆடிப் பார்த்தது எனில், நம் மாணவர் படைப்பதற்குக் கதைக்கா பஞ்சம்?

நம் வேண்டுகோள்

இவ்விடத்தில் நம் நாட்டு முயற்சி ஒன்றை நினைவுகூர்தல் பொருந்தும். பெங்களூரின் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனப் பொறியியலாளர்களும் இணைந்து, 2001ஆம் ஆண்டு 'சிம்ப்யூட்டர்' என்ற கையடக்கக் கணினியை அறிமுகம் செய்தனர். ஏழை எளியோருக்கும் எட்ட வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். ஒவ்வொருவரும் வாங்க இயலாது என்பதை அறிந்த அவர்கள், ஆளுக்கொரு சில்லட்டையைச் செருகி ஊரே ஒரு கருவியைப் பகிர்ந்துகொள்ளுமாறு அதனை வடிவமைத்தனர். விற்பனையில் அது எதிர்பார்த்த வெற்றியை எட்டவில்லை. ஆனால் ஒரு கருவி, பல பயனர் என்ற அக்கருத்து தோற்றுவிடவில்லை.

அக்கருத்தையே நம் கல்லூரிக்குப் பரிந்துரைக்கிறோம். ஆளுக்கொன்று தவணையில் வாங்குவதை விடுத்து, நிர்வாகம் ஒரே ஒரு கருவியை வாங்கிக் கணினி ஆய்வகத்தில் வைக்கட்டும். நிரல் எழுதக் கணினித்துறையினர்; கதையும் உரையாடலும் எழுதத் தமிழ்த்துறையினர். இதற்கான மென்பொருளுக்குக் காசும் வேண்டியதில்லை. 'கோடோ' என்னும் விளையாட்டு ஆக்க மென்பொருள் 2014ஆம் ஆண்டு முதல் யாவருக்கும் கட்டற்று வழங்கப்படுகிறது. 2023ஆம் ஆண்டு வந்த அதன் நான்காம் பதிப்பில், கொம்பும் காலும் இடம் பிறழாமல் தமிழ் எழுத்தை வரையும் வசதியும் சேர்ந்தது.

முதல் முயற்சிக்கு ஆடுபுலி ஆட்டமே போதும். மூன்று புலி, பதினைந்து ஆடு. பகடை உருட்டும் ஆட்டங்களை மார்க்க அறிஞர் பெரும்பாலோர் விலக்கினர். இதிலோ பகடை இல்லை, முழுவதும் அறிவின் ஆட்டம். நம் மாவட்டத்துக் கிராமத் திண்ணைகளில் கரிக்கோடு இழுத்து ஆடிய முதியோர் இன்றும் உளர். அவர்களிடம் விதியைக் கேட்டு எழுதிவருவது தமிழ் மாணவரின் களப்பணியாகட்டும். அதனைத் திரையில் இயக்குவது கணினி மாணவரின் செய்முறைத் தேர்வாகட்டும்.

இது எளிதில் முடியும் என்று நாம் கூறவில்லை. ஆய்வகத்தில் வைத்த கருவியிலும் பிறர் விளையாட்டையே ஆடிப் பொழுது போக்குவோர் இருக்கக்கூடும். அதனைக் கவனித்து நெறிப்படுத்துவது ஆசிரியர் பொறுப்பு. அப்பொறுப்பை ஏற்க நாம் ஆயத்தமாக உள்ளோம். பெரியோர்களே, கருவியைக் கண்டு சினந்து பிள்ளையை விலக்கிவிடாதீர்கள். அருகில் அமர்ந்து, என்ன ஆடுகிறாய் என்று கேளுங்கள். மாணவச் செல்வங்களே, கையில் வாங்குமுன் இம்மூன்று வேலிகளையும் ஒருமுறை சுற்றி வாருங்கள்.

அந்த மாணவரை மீண்டும் அழைத்துப் பேசினோம். தந்தையாரிடம் பரிந்துரைக்க இயலாது என்பதையும், அதற்கான காரணத்தையும் இம்முறை விளக்கமாகக் கூறினோம். கூடவே, ஆடுபுலி ஆட்டத்தைக் கணினியில் அமைக்க இயலுமா என்று கேட்டோம். சற்று நேரம் சிந்தித்தவர், "புலியை நகர்த்துறது சுலபங்க ஐயா, புலிக்கு யோசிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் கடினம்" என்றார். அக்கடினத்தை அவர் எடுத்துக்கொள்ளட்டும். எல்லாம் வல்ல இறைவன் துணை நிற்பானாக.