பஞ்சை மாத்துங்க, பாக்டீரியாவை விட்டுடுங்க!

நைட்ரேட் டெஸ்ட் கிட்ல கலர் சிவப்பா மாறினதும் கடல்மீன் தொட்டி வெச்சிருக்கிற நம்மில் பலர் செய்யுற முதல் வேலை என்ன? ஃபில்டரைக் கழற்றி, உள்ளே இருக்கும் மீடியா மொத்தத்தையும் தூக்கிப் போட்டுட்டு, புதுசு வாங்கி வைக்கிறது. கடைக்காரரைக் கேட்டாலும் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார். மீடியா விற்பது அவர் தொழில், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த வைத்தியம் பணத்தையும் கரைக்கும், மீனையும் கொல்லும் என்பதுதான் என் கட்சி.

அடிப்படையில் இருந்து பார்ப்போம். மீனோட கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியாவா மாறும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். அம்மோனியா கொடிய விஷம், அதோட ஒப்பிட்டால் நைட்ரேட் சாது. இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் சும்மா மிதக்கிறதில்லை. செராமிக் ரிங், பயோ பால், கல், மணல் மேலதான் ஒட்டி வாழுது. மீடியாவை மொத்தமா மாத்தினால், வேலை பார்க்கிறவங்களை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பின கதைதான்.

அப்போ தொட்டியில் என்ன நடக்கும்? தண்ணீரில் ஏற்கெனவே கரைந்திருக்கும் நைட்ரேட் அப்படியே இருக்கும். புதுசா அம்மோனியா சேரும். நன்னீர்த் தொட்டியை விட இங்கே ஆபத்து அதிகம். கடல்நீரோட பி.எச். 8.2 வாக்கில் இருப்பதால், அம்மோனியாவில் விஷத்தன்மை உள்ள பங்கு பல மடங்கு கூடும்.

"பயோ பால்தான் நைட்ரேட் ஃபேக்டரின்னு எல்லாரும் சொல்றாங்களே?" பாதி உண்மை. பயோ பால் முழுக்க ஆக்சிஜன் படுவதால் கதை நைட்ரேட்டோட நின்னுடும். நுண்துளை நிறைந்த கல்லுக்குள்ளே ஆக்சிஜன் எட்டாத இடங்கள் உண்டு. அங்கே வாழும் வேறு பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேத்திடும். அதனால் பயோ பாலுக்குப் பதில் கல் வைப்பது நியாயமான மாற்றம்தான். ஆனால் கல்லை முதலில் வெச்சிட்டு, வாரத்துக்குக் கால்பங்கு பயோ பாலா எடுங்க. ஒவ்வொரு முறையும் அம்மோனியா டெஸ்ட் பண்ணுங்க. கல்லுக்காகக் கடலில் பவளத்தை உடைக்கிற வேலை மட்டும் வேண்டாம். கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கு.

நைட்ரேட்டை உறிஞ்சும் ரெசின் போடலாமான்னு கேட்பீங்க. நன்னீருக்குச் சரி. கடல்நீரில் குளோரைடு மட்டுமே லிட்டருக்கு 19 கிராம் அளவில் இருக்கு. அந்தக் கூட்டத்தில் நைட்ரேட்டுக்கு ரெசினில் இடமே கிடைக்காது.

மாத்த வேண்டியது எது? பஞ்சு. அதில் சிக்கிய கழிவு அழுகும் முன்னே, மூணு நாலு நாளைக்கு ஒருமுறை மாத்தணும். ஸ்பாஞ்சா இருந்தால், தொட்டியில் இருந்து எடுத்த உப்புத் தண்ணீரிலேயே அலசுங்க. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

மீதி எல்லாம் நாம செகண்ட் இயரில் படிச்ச மாஸ் பேலன்ஸ்தான். வாரம் 5 பிபிஎம் நைட்ரேட் கூடும் தொட்டியில், வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாத்தினால், அது மெல்ல ஏறி 50 பிபிஎம்மில் போய் நிற்கும். 20 சதவீதம் மாத்தினால் 25. கூடவே தீனியையும் பாதியாக்கினால் 12.5. எந்த மீடியாவும் வாங்காமலே இது நடக்கும். 100 லிட்டர் தொட்டியில் அந்த 5 பிபிஎம் வர எவ்வளவு தீனி வேணும் தெரியுமா? 45 சதவீதம் புரதம் உள்ள உலர் தீனின்னா, அதில் உள்ள நைட்ரஜன் முழுதும் நைட்ரேட் ஆகுதுன்னு வெச்சுக்கிட்டால், சுமார் ஒன்றரை கிராம். ஒரு சிட்டிகை கூடப் போட்டாலே கணக்கு மாறிடும்.

உப்பு கலக்கும் தண்ணீரையும் சோதிங்க. நம்ம ஊர் குடிநீர்த் தரமே லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை நைட்ரேட்டை அனுமதிக்குது. போர் தண்ணீரில் உப்பு கலந்தால், நைட்ரேட்டை நாமே ஊத்தின மாதிரி ஆகலாம். ஆர்.ஓ. தண்ணீர் நல்லது.

க்ளவுன் மீன் போல சில இனங்களைப் பண்ணையில் பெருக்குறாங்க. ஆனால் அலங்காரக் கடல்மீன்களில் பெரும்பாலானவை இன்னும் கடலில் இருந்து பிடிச்சு வந்தவைதான். பவளப்பாறையில் இருந்து நம்ம ரூம் வரைக்கும் பிழைச்சு வந்த ஒரு உயிர், நம்ம அவசரத்தால் சாகக் கூடாது. அடுத்த தடவை கிட் சிவப்பானால் ஃபில்டர் மூடியில் கை வைக்காதீங்க. எவ்வளவு தீனி போடறோம், பஞ்சு மாத்தி எத்தனை நாளாச்சு, ஊத்துற தண்ணீரில் என்ன இருக்கு? இந்த மூணுக்கும் பதில் எழுதிட்டு, அப்புறம் கடைக்குப் போங்க. பெரும்பாலும் போக வேண்டிய அவசியமே இருக்காது.