நைட்ரஜன் குறைந்த ஊரில் ஒளிந்திருக்கும் கருந்துளைகள்

தொலைவில் ஒரு விண்மீன் மண்டலம். அதன் நடுவே பெரிய கருந்துளை ஒன்று வாயுவை விழுங்கிக்கொண்டிருக்கிறதா, இல்லை இளம் விண்மீன்கள்தான் ஜொலிக்கின்றனவா? படத்தைப் பார்த்துச் சொல்வது கடினம். ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஜாக் பால்ட்வின், மார்க் பிலிப்ஸ், ரோபர்ட்டோ டெர்லெவிச் மூவரும் 1981-ல் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். ஹைட்ரஜனோடு ஒப்பிட்டால் ஆக்சிஜனின் பச்சைக் கோடு எவ்வளவு பிரகாசம், நைட்ரஜனின் சிவப்புக் கோடு எவ்வளவு பிரகாசம்? இரண்டையும் வைத்து வரைபடத்தில் ஒரு புள்ளி. விண்மீன் பிறக்கும் மண்டலங்கள் இடப்பக்கம் சேரும். கருந்துளை இயங்குபவை வலப்பக்கம் மேலே ஒதுங்கும். கருந்துளையை நெருங்கிச் சுழலும் வாயுவிலிருந்து கிளம்பும் கதிர்கள் அத்தனை உக்கிரமானவை. சுற்றுப்புறத்தைக் கூடுதலாகச் சூடாக்கி நைட்ரஜனைப் பளிச்சிட வைத்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கணக்கு அக்கம்பக்கத்து மண்டலங்களை வைத்துப் போட்டது. அவற்றில் தலைமுறை தலைமுறையாக விண்மீன்கள் பிறந்து மடிந்து, தாம் சமைத்த தனிமங்களை வாயுவில் கலந்துவிட்டன. அதிலும் நைட்ரஜன் பொறுமைசாலி. பெரும்பகுதி நடுத்தர எடை விண்மீன்கள் மெதுவாகத் தருவது. இளம் பிரபஞ்சத்தில் அதற்கு அவகாசம் ஏது? (ஹீலியத்தைத் தாண்டிய எல்லாமே வானியலாளர்களுக்கு ‘உலோகம்’தான். வேதியியல் ஆசிரியர்கள் மன்னிக்கவும்.) உலோகம் குறைந்த மண்டலத்தில் கருந்துளை எத்தனை ஆர்ப்பாட்டம் செய்தாலும் நைட்ரஜன் கோடு மங்கல். புள்ளி நகர்ந்து விண்மீன் கும்பலுக்குள் போய்விடும். லிசா கெவ்லி குழுவினர் 2013-லேயே இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதை நேரில் காட்டியது. பெருவெடிப்புக்குப் பிறகு சுமார் 100 கோடி ஆண்டுகளில் இருந்தது ஜிஎஸ்-3073 என்ற மண்டலம். அதன் வாயுவில் உலோகம் சூரியனில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. பழைய வரைபடத்தில், அருகிலுள்ள கருந்துளை மண்டலங்கள் நிற்கும் இடத்தில் அது இல்லை. ஆனால் உள்ளே இருப்பதோ சுமார் 10 கோடி சூரியன் எடையுள்ள கருந்துளை!

காட்டிக்கொடுத்தது ஹைட்ரஜன் கோட்டின் அகலம். கருந்துளையைச் சுற்றி வாயு நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ஒரு பக்கம் நம்மை நோக்கி வரும், மறுபக்கம் விலகும். அதனால் கோடு இருபுறமும் விரிந்துவிடும். தொலைவில் உலவும் ஆக்சிஜனின் கோட்டில் அந்த விரிவு இல்லை. மண்டலம் முழுக்க வீசும் காற்று என்றால் அதுவும் விரிந்திருக்குமே! ஹீலியத்தின் ஒரு கோடும் சாட்சி சொன்னது. அதைத் தூண்டும் அளவு கடுமையான கதிர் சாதாரண விண்மீன்களிடம் அரிது.

இதே மண்டலத்தின் அடர்ந்த உள்வாயுவில் மட்டும் நைட்ரஜன் அபரிமிதமாக இருக்கிறது என்று பிறகு ஓர் ஆய்வு சொன்னது தனிக்கூத்து.

இப்படித் தப்பியவற்றை எண்ணாமல் விட்டால், குழந்தைப் பிரபஞ்சத்தில் கருந்துளைகள் எப்படி இவ்வளவு சீக்கிரம் பெருத்தன என்ற கணக்கே தப்பாகிவிடும். தூசி வளையம் மறைத்த கருந்துளைகளில் அகலக் கோடும் தெரியாது. அங்கே ஹீலியம் போன்ற மங்கலான கோடுகளைத்தான் நம்ப வேண்டும். அவற்றைப் பிடிக்க, ஒரே திசையில் பல மணி நேரம் தொலைநோக்கியைத் திருப்பி வைத்துக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.