ஆழமில்லாத ஏரி பயனற்ற ஏரியா?

விக்கிரவாண்டி வட்டார மாணவர்களுக்கு வீடூர் அணை தெரியாமல் இராது. அதன் முழு நீர்மட்டம் 32 அடி. நிரம்பிய அணையில் ஓர் அடி நீர் குறைந்தால் கரையில் நிற்பவருக்கு அது பெரிதாகத் தெரியாது. இதே விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் வேறொரு நீர்நிலை இருக்கிறது. அங்கே ஓர் அடி குறைந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீர் பின்வாங்கிச் சேறு தெரியும். அதுதான் மரக்காணம், வானூர் வட்டங்களில் பரந்துகிடக்கும் கழுவெளி ஏரி. கழுவேலி என்றும் இதனை எழுதுவார்கள்.

இதன் அமைப்பைச் சற்றுப் பார்ப்போம். மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி நிலம் மெல்லச் சரிகிறது. வானூர், திண்டிவனம் பக்கத்துச் சிற்றேரிகள் பல நிரம்பி வழியும் நீர், வாய்க்கால்கள் வழியே இந்தத் தாழ்நிலத்தில் வந்து சேருகிறது. ஏரியின் வடகிழக்கு முனை ஒடுங்கி, உப்பங்கழியாக மாறி, மரக்காணத்துக்கு அருகே இடையன்திட்டு முகத்துவாரத்தின் வழியாக வங்கக் கடலைத் தொடுகிறது. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் இங்கே நன்னீர் மிகுதி. வெயில் ஏறஏற நீர் சுண்டி, உவர்ப்பு கூடுகிறது. கோடையில் பெரும்பகுதி வறண்டு வெடிக்கிறது.

ஏன் வறண்டுவிடுகிறது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏரியில் சராசரியாக 1 மீட்டர் நீர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். நாள்தோறும் 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது எனக் கொண்டால், 200 நாட்களில் அந்த 1 மீட்டரும் தீர்ந்துவிடும். டிசம்பர் முடிவில் நிறைந்து நின்ற ஏரி ஜூலை நடுவில் வெறும் தரை! அகலம் மிகுந்து ஆழம் குறைந்த எல்லா நீர்நிலைகளுக்கும் உரிய இயல்பு இது.

இந்த இயல்பைப் புரிந்துகொள்ளாததே கழுவெளியின் முதல் துன்பம் என்பது என் கருத்து. ஆறு மாதம் வறண்டு கிடக்கும் நிலத்தைப் பார்ப்பவர் அதனைத் தரிசு என்று எண்ணிவிடுகிறார். ஓரங்களில் உழவு நுழைகிறது. உப்பங்கழிப் பக்கம் இறால் குட்டைகள் வெட்டப்படுகின்றன. அவற்றின் கரைகள் நீரோட்டத்தை மறிக்கின்றன. தீவன எச்சமும் கழிவும் ஏரியிலேயே வந்து சேருகின்றன. சீமைக் கருவேலம் வேரூன்றுகிறது. மேற்கே சிற்றேரிகள் தூர்ந்துபோக, வரத்து வாய்க்கால்கள் அடைபட, வரவேண்டிய நீரும் குறைகிறது. போதாக்குறைக்கு, கடலோர நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைப்பதால் உவர்நீர் உள்நிலத்துக்கு நகருகிறது. ஆழமான அணை இத்தகைய இழப்புகளைச் சில ஆண்டுகள் தாங்கும். 1 மீட்டர் ஏரி எப்படித் தாங்கும்?

"அப்படியானால் ஆழமாகத் தோண்டிவிட்டால் என்ன?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த ஏரி உயிரோடிருப்பதே ஆழமின்மையால்தான். மேலோட்டமான நீரில் சூரிய ஒளி அடிவரை செல்லும். பாசியும் நீர்த்தாவரங்களும் செழிக்கும். புழுக்களும் நத்தைகளும் மீன்குஞ்சுகளும் பெருகும். கருவால் மூக்கன் என்னும் பறவை கால் நனையும் நீரில் நின்று, நீண்ட அலகைச் சேற்றில் செலுத்தி இரை தேடுகிறது. பூநாரை தலையைக் கவிழ்த்து நீரை வடிகட்டி உண்கிறது. ஆழ்நீரில் இவ்வாறு நின்று மேய முடியுமா? மத்திய ஆசிய வலசைப் பாதையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வரும் பறவைகளுக்கு இந்தச் சேறுதான் உணவுக்கூடம். வாய்க்கால்களையும் சிற்றேரிகளையும் தூர் வாருங்கள். கழுவெளியை மட்டும் குளமாக்க வேண்டாம் என்பதே நான் சொல்ல வருவது.

சட்டம் சும்மா இருந்துவிடவில்லை. காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2005இல் அவற்றைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2021 டிசம்பரில் கழுவெளியின் 5,151.6 ஹெக்டேர் பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் இடம் பெற்றது. மகிழ்ச்சிதான். ஆனால் அறிவிப்பு எல்லைக்கோட்டுக்குள் நிற்கிறது. நீரோ எல்லைக்கு வெளியேயிருந்து வருகிறது. வானூர்ப் பக்கத்து வாய்க்கால் ஒன்று அடைபட்டால் சரணாலயப் பலகை என்ன செய்யும்?

கெட்டுப்போன ஏரியை மீட்க முடியுமா? முடியும் என்பதற்கு ஒடிசாவின் சிலிகா ஏரி சான்று. அதன் கடல்வாய் மணலால் தூர்ந்து, உவர்ப்பு குறைந்து, மீன்வளம் சரிந்தது. 1993இல் அழிவை எதிர்நோக்கும் ஈரநிலங்களின் பன்னாட்டுப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. 2000 செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டினார்கள். மீன்கள் திரும்பின; 2002இல் அந்தப் பட்டியலிலிருந்து அதன் பெயர் நீக்கப்பட்டது. நோய் நீரோட்டத்தில் இருந்தது. மருந்தும் அங்கேயே கொடுக்கப்பட்டது. கழுவெளிக்கும் அதே முறை பொருந்தும்: மேற்கே வரத்து வாய்க்கால்கள் திறந்திருக்க வேண்டும், கிழக்கே முகத்துவாரம் மூச்சுவிட வேண்டும், இடையிலுள்ள ஆக்கிரமிப்புகள் அகல வேண்டும். அதைச் செய்யும்போது, அங்கே மீன்பிடித்தும் கால்நடை மேய்த்தும் வாழும் ஏழை மக்களின் பிழைப்புக்கும் வழி காட்ட வேண்டும். அவர்களை ஒதுக்கிவிட்டு எந்த ஏரியையும் காக்க முடியாது.

மாணவர்களே, உங்கள் ஊரிலும் ஓர் ஏரி இருக்கும். அளவுக் குறியிட்ட ஒரு கம்பைக் கரையோரத்தில், ஆசிரியர் துணையுடன், பாதுகாப்பான இடத்தில் நட்டு, வாரம் ஒருமுறை நீர்மட்டத்தைக் குறித்துவாருங்கள். நீர் எந்த வாய்க்காலில் வருகிறது, எங்கே தடைபடுகிறது என்று நடந்து பார்த்து வரைபடம் போடுங்கள். மூன்று ஆண்டு அளவுகள் சேர்ந்தால், ஊராட்சிக் கூட்டத்தில் யாரும் தட்டிக்கழிக்க முடியாத சான்று உங்கள் கையில் இருக்கும். இந்த மழைக்காலத்திலேயே தொடங்கலாமே!