பூச்சியைப் படம் பிடிக்க ஊருக்கு ஆள் வருமா?

கொடைக்கானலுக்கும் பழநிக்கும் செல்லும் வாகனங்களில் பெரும்பகுதி திண்டுக்கல் சமவெளி வழியாகவே செல்கிறது. ஆனால், இங்கு முருங்கை, தக்காளி, மல்லிகை பயிரிடும் விவசாயிக்கு அந்தப் பயணிகளால் பெரிய வருமானம் இல்லை. இப்போது பூச்சிகளை மிக நெருக்கமாகப் படம் பிடிக்கும் ஆர்வம் நகரங்களில் பரவுகிறது. கைபேசியில் மாட்டும் சிறிய லென்ஸ் இருந்தாலே தட்டானின் கண்ணும் பொறிவண்டின் புள்ளியும் துல்லியமாகப் பதிவாகும். இந்த ஆர்வத்தை நம் ஊர்ப் பக்கம் திருப்ப முடியுமா?

பூச்சியால் வருமானம்

பூச்சியைப் பார்க்கப் பணம் கொடுத்து மக்கள் வருவார்கள் என்பதற்கு உதாரணங்கள் உண்டு. ஸ்ரீரங்கம் மேலூரில் 2015-ல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சி பூங்காவுக்குக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ஆனால், அது அரசுப் பூங்கா. விவசாயிகளே வருமானம் பார்க்கும் ஊர், மகாராஷ்டிராவில் உள்ள புருஷ்வாடி. மழைக்காலம் தொடங்கும் முன் அங்கு மின்மினிகளைப் பார்க்க வருபவர்கள், விவசாயிகளின் வீடுகளில் தங்கி, அங்கேயே சாப்பிடுகிறார்கள்.

திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 எக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்கு சரணாலயம் 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. வேடசந்தூர், நத்தம் வட்டங்களின் காடுகளும் இதில் அடங்கும். தேவாங்கின் முக்கிய உணவு பூச்சிகள். சரணாலயத்துக்குள் நுழைய வனத்துறை அனுமதி தேவை. ஆனால், அதை ஒட்டிய பட்டா நிலங்களில் பூச்சி பார்க்கும் நடைப்பயணத்தை விவசாயிகளே நடத்தலாம்.

மருந்து தெளித்தால் பூச்சி இருக்காது

சிக்கல் இங்குதான் இருக்கிறது. வாரம் தவறாமல் மருந்து தெளிக்கும் தோட்டத்தில் படம் பிடிக்க எதுவும் மிஞ்சாது. பூச்சி வேண்டுமென்றால் வரப்பில் எருக்கு, ஆவாரை, கிலுகிலுப்பை போன்ற செடிகளை விட்டுவைக்க வேண்டும். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு எருக்கு இலையைத் தின்றே வளர்கிறது. முருங்கைப் பூவில் மகரந்தச் சேர்க்கை செய்யும் தச்சுத் தேனீ, காய்ந்த மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும். எல்லாக் காய்ந்த கட்டைகளையும் அகற்றாமல் சிலவற்றை விட்டுவைத்தால் அதற்கு இடம் கிடைக்கும்.

பயணிகள் வராவிட்டாலும் இதில் விவசாயிக்கு நஷ்டம் இல்லை. அதே கைபேசி லென்ஸ் பயிர்ப் பாதுகாப்புக்கும் உதவும். 2016-ல் தமிழகத் தென்னையில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈயை, என்கார்சியா என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி அழிக்கிறது. ஓலையின் அடிப்பக்கத்தை லென்ஸ் வைத்துப் படம் எடுத்து, வெள்ளை ஈயின் கூட்டில் வட்டமான துளை தெரிந்தால் குளவி வேலை செய்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் ரசாயன மருந்து தெளித்தால் குளவியும் செத்துவிடும். இந்தப் படத்தை வேளாண் அலுவலருக்கோ காந்திகிராமத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ அனுப்பிக் கேட்டுவிட்டு முடிவு எடுக்கலாம்.

விதிமுறை முதலில்

பயணிகளை அழைக்கும் முன் ஊரார் கூடிச் சில முடிவுகளை எடுக்க வேண்டும். ஒரு நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் கூடாது. வரப்பில் மட்டுமே நடக்க வேண்டும். பூச்சியைப் பிடித்துக் குளிரூட்டியோ ஊசி குத்தியோ படம் எடுக்கக் கூடாது. இரவில் பளிச்சென்ற விளக்கு கூடாது; அது மின்மினியின் இனச்சேர்க்கையைக் கெடுக்கும். தேவாங்கைத் தேடிப் போவது கண்டிப்பாகக் கூடாது. மருந்து தெளித்த நாட்களில் தோட்டத்துக்குள் யாரையும் விடக் கூடாது.

கட்டணத்தையும் ஊரே நிர்ணயிக்க வேண்டும். இல்லையென்றால் விடுதிக்காரருக்கும் கார்க்காரருக்கும் பணம் போய்விடும். மிதிபட்ட பயிர்தான் விவசாயிக்கு மிஞ்சும். பூச்சிச் சுற்றுலா முருங்கை விலை வீழ்ச்சியை ஈடுகட்டிவிடாது. அதை நம்பிக் கடன் வாங்கி அறைகள் கட்ட வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக்குப் பின், பூச்சிகள் பெருகும் காலத்தில், பள்ளி மாணவர்களை வைத்து ஒரு தோட்டத்தில் சோதித்துப் பார்க்கலாம். மருந்துச் செலவு குறைந்தாலே முதல் லாபம் கைக்கு வந்துவிடும்.